தராசுக்குப் பிறகு ஒரு கை

திருக்காட்டுப்பள்ளி
4 ஜனவரி 2025

தஹ்மீனாவுக்கு,

எதைச் சொன்னாலும் "எழுத்தில் கொடு" என்கிறாய். முந்தாநாள் போனில் நாம் போட்ட சண்டையில் நீ கடைசியாகச் சொன்னதும் அதுதான். சரி, எழுத்தில் கொடுக்கிறேன். வாட்ஸப்பில் உன் எண்ணைத் தடுத்துவிட்டேன். இனி உனக்கு வேண்டியதெல்லாம் மின்னஞ்சலில், தேதி போட்டு, முழு வாக்கியங்களில் வரும். தஞ்சாவூர் விடுதியில் மூன்று வருடம் ஒரே அறையில் கிடந்தபோது ஒரு துண்டுச் சீட்டுகூட எழுதாதவள் நீ. ஷார்ஜாவில் ஓர் அரிசிக் கம்பெனியின் கொள்முதல் மேசையில் உட்கார்ந்ததும் எழுத்தின் மேல் இவ்வளவு பிரியம் வந்துவிட்டது.

உன் கேள்விகளுக்கு வருகிறேன். பை வெள்ளை, எழுத்து பச்சை. முதலில் பச்சை என்றாய், பிறகு நீலம் என்றாய். நீலம் என்று நீ சொன்ன அன்று பச்சையில் அச்சடித்து, காய்ந்து, அடுக்கியும் வைத்துவிட்டார்கள். ஈரப்பதம் பார்த்தாயிற்று. பூச்சி இல்லை என்ற சான்றிதழுக்கு அலையாய் அலைந்து, அதையும் வாங்கியாயிற்று. என் பெயரை அதில் ஆண் பெயராகப் போட்டிருக்கிறார்கள், அதை மாற்ற மறுபடி நான் போகப்போவதில்லை. கல் இருக்காது என்று எழுதிக் கொடுக்கச் சொன்னாய். இருக்காது. எழுதிவிட்டேன்.

நீ கேட்காத ஒன்றையும் எழுதுகிறேன், அதுவும் கோப்பில் இருக்கட்டும். எங்கள் தெருப் பெண்களின் தாய்மார்கள் எல்லோரும் அடுத்தவர் வயலில் அறுத்தவர்கள். இப்போது எங்களுக்குச் சொந்தத்தில் கொஞ்சமும் குத்தகையில் கொஞ்சமுமாக நிலம் இருக்கிறது, எங்கள் பெயரில் ஓர் உழவர் நிறுவனம் இருக்கிறது, அதற்கு நான் செயலாளர். ஆனால் இதுவரை எங்கள் சீரகச் சம்பா வெளியே போனதெல்லாம் தரகர் அமிர்தலிங்கத்தின் பையில், அவர் பெயரில்தான். அரிசி ஏற்றுமதிக்குத் தடை இருந்த காலம் முழுக்க நெல்லை விற்காமல் பூட்டி வைத்துக்கொண்டு அவர் சிரிப்பைப் பொறுத்துக்கொண்டிருந்தோம். தடை நீங்கி, முதல்முறையாக எங்கள் பெயர் போட்ட பையில் அனுப்புகிறோம். அவர் டீக்கடையில் உட்கார்ந்து சொல்கிறாராம்: "கப்பல் போன வேகத்துல திரும்பி வரும். அப்ப எங்கிட்டதானே வந்தாகணும்."

இந்த ஒரு கண்டெய்னர் திரும்பி வந்தால் பாதிப் பெண்கள் அவரிடம் போய்விடுவார்கள். அவர்கள் போனால் நிறுவனம் என்று சொல்ல ஒரு பெயர்ப்பலகைதான் மிஞ்சும். ஆகையால் பச்சையா நீலமா என்பதை இனி என்னிடம் கேட்காதே.

செம்மொழி


ஷார்ஜா
9 ஜனவரி 2025

அன்புள்ள செம்மொழி,

"அன்புள்ள" என்பதை எழுதி, அழித்து, மறுபடி எழுதியிருக்கிறேன். கோபத்தில் தொடங்கினால் சொல்ல வேண்டியது பாதியில் நின்றுவிடும் என்று பயம்.

நிறத்தை மாற்றிக்கொண்டே இருப்பது நான் என்று நினைக்கிறாய். முதலாளி ஜெய்னுலாபுதீன் காலையில் பச்சை என்பார். அவருடைய அக்கா மகன் ஃபாஜில், எனக்கு மேலே மேலாளராக இருப்பவன், மதியம் நீலம் என்பான். சாயங்காலம் இருவரும் சேர்ந்து என்னைப் பார்த்து, இன்னும் ஏன் முடிவாகவில்லை என்பார்கள். உன்னிடம் பேசும்போது நான் கம்பெனிக்காரி, இவர்களிடம் பேசும்போது ஊர்க்காரி. எந்தப் பக்கம் திரும்பினாலும் எனக்குத் திட்டுதான்.

ஃபாஜில் வேறு மாநிலத்தில் ஒரு பெரிய ஆலையில் வாங்க வேண்டும் என்றான். அவர்களிடம் ஒரு படம் கேட்டால் ஒரு மணி நேரத்தில் வருகிறது. உன்னிடம் கேட்டால் கரண்ட் இல்லை என்று பதில் வருகிறது. இருந்தும் நான்தான் கூட்டத்தில் எழுந்து, சீரகச் சம்பாவைப் பயிரிடுகிறவர்களிடமே வாங்குவோம் என்றேன். முதலாளி கூத்தாநல்லூர்க்காரர், எங்கள் ஊர். நீ அனுப்பிய மாதிரியைக் கையில் கசக்கி மூக்கருகே வைத்துப் பார்த்துவிட்டு, "நீ பொறுப்பாம்மா?" என்றார். பொறுப்பு என்றேன். அந்தச் சொல்லை வைத்துத்தான் இப்போது இந்த நாற்காலியில் உட்கார்ந்திருக்கிறேன். சரக்கு நல்லபடி வந்தால் உங்களோடு வருட ஒப்பந்தம். வராவிட்டால் ஃபாஜிலின் ஆலை. நான் பழையபடி பில் தட்டப் போக வேண்டியதுதான்.

நோன்பு மார்ச் முதல் தேதி வாக்கில் தொடங்கும். நம் ஊர்க்காரர்கள் இங்கே வீட்டுக்கு வீடு கஞ்சி காய்ச்சுவார்கள். பிறை தெரிவதற்கு முன் அரிசி கடைகளில் இருக்க வேண்டும். பிறகு வந்தால் யாரும் தொட மாட்டார்கள்.

கிடங்குப் பெண்களிடம் சீக்கிரம் சீக்கிரம் என்று கத்தாதே. இது நோன்புக்குப் போகிற அரிசி என்று மட்டும் சொல். அவர்களுக்குப் புரியும். இன்னொன்று: பத்து கிலோ என்றால் பத்து கிலோ. பை குறைந்தால் இங்கே உள்ளேயே விட மாட்டார்கள்.

தஹ்மீனா


திருக்காட்டுப்பள்ளி
25 ஜனவரி 2025

தஹ்மீனாவுக்கு,

கண்டெய்னர் தூத்துக்குடிக்குப் போய்விட்டது. முத்திரை வைத்த படத்தை இணைத்திருக்கிறேன். படத்தில் பின்னால் நிற்கும் மாட்டைப் பற்றிக் கேட்டு ஒரு மின்னஞ்சல் அனுப்பிவிடாதே. அது பக்கத்து வீட்டு மாடு.

எப்படி அனுப்பினேன் என்று நீ கேட்கமாட்டாய், ஆனாலும் சொல்கிறேன். பொங்கலுக்கு ஆள் வரவில்லை. ஆள் வந்தபோது மில்லுக்கு வழி இல்லை. நாங்கள் நெல் அரைக்கும் மில் திருவையாற்றில் இருக்கிறது. அங்கே ஆராதனைக் கூட்டம். பாலத்தின் மேல் கார்கள் ஒன்றையொன்று முட்டிக்கொண்டு நிற்க, எங்கள் வண்டியைப் போலீஸ் திருப்பிவிட்டது. டிரைவர் இறங்கி ஒலிபெருக்கியைக் கொஞ்ச நேரம் கேட்டுவிட்டு, "பாட்டெல்லாம் நல்லாத்தான் இருக்கு, வழிதான் இல்ல" என்று வண்டியிலேயே படுத்துவிட்டான்.

நீ சொன்னபடியே சொன்னேன். சாக்குக் கட்டும் இடத்துக்கு அம்சம் அக்காதான் பொறுப்பு. இது நோன்புக்குப் போகிற அரிசி, கவனமாகக் கட்டுங்கள் என்றேன். அதுவரை எனக்குக் காது வலிக்கிற அளவுக்குப் பேசிக்கொண்டிருந்தவர்கள் அப்படியே அடங்கிவிட்டார்கள். அம்சம் அக்கா வெற்றிலையைத் துப்பிவிட்டு வாய் கொப்பளித்து வந்தார். அவர் பிறந்தது கூத்தாநல்லூர்ப் பக்கத்துக் கிராமம் என்பதே அன்றுதான் எனக்குத் தெரியும். உன்னுடைய யோசனை ஒன்று முதல்முறையாக வேலை செய்திருக்கிறது, குறித்து வைத்துக்கொள்.

தராசுக்குப் பக்கத்தில் நாற்காலி போட்டு நானே உட்கார்ந்து பார்த்தேன். எந்தப் பையும் குறையவில்லை.

வண்டி கிளம்பியதும் மழை பிடித்துக்கொண்டது. அறுப்புக்கு நின்ற சம்பா சாய்ந்து கிடக்கிறது, தண்ணீர் வடியாவிட்டால் கதிரிலேயே முளைத்துவிடும். இப்போது எங்களிடம் நல்ல அரிசி என்று இருப்பது உனக்கு அனுப்பியதும் கிடங்கில் மிச்சமிருக்கும் பழையதும்தான். அமிர்தலிங்கம் குடை பிடித்து வரப்பில் நின்று பார்த்துவிட்டுப் போனார். துக்கம் விசாரிக்க வந்தவர் மாதிரி முகத்தை வைத்துக்கொண்டிருந்தார். உள்ளுக்குள் அவருக்கு அன்றைக்குத்தான் பொங்கல்.

செம்மொழி


ஷார்ஜா
18 பிப்ரவரி 2025
நகல்: உரிமையாளர், கொள்முதல் மேலாளர், கணக்குப் பிரிவு

மதிப்பிற்குரிய செயலாளருக்கு,

தங்கள் நிறுவனம் அனுப்பிய சீரகச் சம்பா அரிசி துறைமுகக் கிடங்கில் பரிசோதனைக்காக நிறுத்தப்பட்டுள்ளது. எடுத்துப் பார்த்த பைகள் அனைத்தும் ஆவணத்தில் உள்ள எடையைவிடக் கூடுதலாக உள்ளன. கூடுதல் எடை பைக்குப் பை மாறுபடுகிறது.

பைகளின் உள்ளே அரிசி தவிர வேறு பொருள் வைக்கப்பட்டுள்ளதா, ஆம் எனில் என்ன, யாரால் என்பதை உடனடியாக எழுத்தில் தெரிவிக்கவும். விளக்கம் கிடைக்கும்வரை சரக்கு விடுவிக்கப்பட மாட்டாது.

தஹ்மீனா
கொள்முதல் பிரிவு


திருக்காட்டுப்பள்ளி
19 பிப்ரவரி 2025

தஹ்மீனா,

மதிப்பிற்குரிய செயலாளர் உன் கடிதத்தைப் படித்தாள்.

களத்தில் வேலை முடிந்து வெளியே வரும்போது என் அம்மாவை மடியை அவிழ்த்து உதறிக் காட்டச் சொல்வார்கள் என்று விடுதியில் ஒரு நாள் உன்னிடம் சொன்னேன். கூலி நெல்லுக்கு மேல் ஒரு பிடி உள்ளே இருக்கிறதா என்று பார்ப்பதற்கு. அதை நான் வேறு யாரிடமும் சொன்னதில்லை. நீ அன்றைக்கு ஒன்றும் பேசாமல் விளக்கை அணைத்தாய். அதற்காகவே உன்னை எனக்குப் பிடித்தது.

அப்போது என்ன எடுத்தாய் என்று கேட்டார்கள். இப்போது என்ன வைத்தாய் என்று கேட்கிறீர்கள். அதுவும் மூன்று பேருக்கு நகல் போட்டு. "யாரால்" என்ற சொல்லை நான் கிடங்கில் வாசித்துக் காட்டவில்லை.

விளக்கம் கேட்டாய். எங்கள் தராசு முத்திரை வைத்த தராசு. இன்று காலையில்கூடச் சோதித்தேன், சரியாக இருக்கிறது. உங்கள் தராசைப் பாருங்கள். குறைவாகக் கட்டினால் திருடர்கள், கூடுதலாக இருந்தால் கடத்தல்காரர்கள், சரி, எங்களைப் போன்றவர்கள் சும்மா அரிசி அனுப்ப முடியும் என்று உங்கள் ஊரில் யாருக்காவது தோன்றுமா? ஒரு பையைப் பிரித்து உள்ளே பார்க்க உங்களுக்கு எத்தனை பேருடைய கையெழுத்து வேண்டும்?

செயலாளர்


ஷார்ஜா
21 பிப்ரவரி 2025

செம்மொழி,

இதற்கு நகல் யாருக்கும் போகவில்லை.

அந்தக் கடிதத்தை நான் எழுதும்போது ஃபாஜில் பக்கத்தில் நின்று திருத்தினான். "யாரால்" அவன் சேர்த்தது. ஆனால் அனுப்பியது நான், கீழே இருப்பது என் பெயர். உன் அம்மா விஷயம் அனுப்பிய பிறகுதான் நினைவு வந்தது என்று எழுதலாமா என்று யோசித்தேன். அது பொய். அனுப்பும்போதே நினைவிருந்தது. அந்த நேரத்தில் என் நாற்காலி அதைவிடப் பெரிதாகத் தெரிந்தது. இதற்கு மேல் எப்படி எழுதுவது என்று எனக்குத் தெரியவில்லை. எழுதினால் அதுவும் அலுவலகக் கடிதம் மாதிரி ஆகிவிடும்.

ஆனால் நீயும் ஒன்றைக் கேட்டுக்கொள். பையைப் பிரித்தோம். பரிசோதகர் முழங்கை வரை கையை விட்டு அடி வரைக்கும் துழாவினார். வெறும் அரிசி. அதுதான் பிரச்சினை. வேறு ஏதாவது இருந்திருந்தால் அவருக்கு என்ன செய்வது என்று தெரிந்திருக்கும். எடை குறைந்தால் இன்ன தண்டனை என்று அவரிடம் விதி இருக்கிறது. கூடினால் எந்த விதியிலும் இடமில்லை. மூன்று தராசில் போட்டுப் பார்த்தார். ஒரு பை கொஞ்சம் கூடுகிறது, அடுத்தது நிறையக் கூடுகிறது, எதிலும் ஓர் ஒழுங்கு இல்லை. கெட்ட மனிதர் இல்லை அவர். தராசு பொய், அல்லது காகிதம் பொய், இரண்டில் ஒன்றை நீங்களே சொல்லுங்கள் என்கிறார். சொல்லாவிட்டால் கண்டெய்னரைத் திருப்பி அனுப்ப வேண்டியதுதான்.

முதலாளி மூன்று நாளாக என்னிடம் ஸலாமுக்குப் பதில் சொல்வதோடு நிறுத்திக்கொள்கிறார். ஃபாஜில் ஆலைக்காரர்களோடு சத்தமாகப் போன் பேசுகிறான், எனக்குக் கேட்க வேண்டும் என்பதற்காக. நோன்புக்கு ஒரு வாரம்தான் இருக்கிறது.

என் மேல் இருக்கும் கோபத்தை வைத்துக்கொள், அது எங்கும் போகாது. முதலில் கிடங்குக்குப் போய், அன்றைக்கு எப்படிக் கட்டினார்களோ அப்படியே ஒரு பையைக் கட்டச் சொல்லிப் பார். தராசைப் பார்க்காதே. ஆட்களைப் பார்.

தஹ்மீனா


திருக்காட்டுப்பள்ளி
22 பிப்ரவரி 2025

தஹ்மீனா,

பார்த்துவிட்டேன். தலையை எங்கே கொண்டுபோய் முட்டிக்கொள்வது என்று தெரியவில்லை.

அம்சம் அக்கா அரிசியை அள்ளிப் போட்டார். தராசு பத்து காட்டியது. பையை இறக்கினார்கள். தையல் மிஷினுக்குப் போவதற்கு முன்னால் அக்கா குவியலில் கையை விட்டு, ஒரு கை நிறைய அள்ளி, பைக்குள் போட்டார். அடுத்த பைக்கு அடுத்தவள், அவள் கை சின்னது. எதையும் மறைத்துச் செய்யவில்லை. ஜனவரியிலும் என் எதிரேயேதான் செய்திருக்கிறார்கள். நான் தராசையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்திருக்கிறேன்.

"என்னக்கா பண்றீங்க?"

"கட்டுறேன்."

"பத்து கிலோதான் வந்துடுச்சே?"

"அது தராசு போட்டது. இது நான் போடுறது."

அமிர்தலிங்கத்துக்குக் கட்டியபோதும் இப்படித்தான் போட்டீர்களா என்று கேட்டேன். அவருக்கு எதற்குப் போட வேண்டும் என்று என்னையே திருப்பிக் கேட்டார். பிறகுதான் சொன்னார். சின்ன வயதில் நோன்பு மாதம் முழுக்கத் தூக்குவாளியோடு உங்கள் ஊர்ப் பள்ளிவாசலுக்குக் கஞ்சி வாங்க வருவாராம். அடுத்த தெருப் பிள்ளைகள், எங்களைப் போன்ற குடும்பத்துப் பிள்ளைகள், எல்லோருக்கும் ஊற்றுவார்களாம். "ரொம்பின வாளியில மேக்கொண்டு ஒரு அகப்பை ஊத்துவாங்க. அது வழிஞ்சு காலெல்லாம் பிசுபிசுன்னு இருக்கும். அப்படித் தந்தவங்களுக்கு நம்ம தராசு சொன்னபடி கட்டுறதா? நல்லாருக்கா அது?"

மற்றவர்கள் அக்கா போட்டதைப் பார்த்துப் போட்டிருக்கிறார்கள். ஆளுக்கு ஒரு கை, அதனால் பைக்கு ஒரு எடை.

இப்போது உன் 9 ஜனவரி கடிதத்தை எடுத்துப் பார். "இது நோன்புக்குப் போகிற அரிசி என்று மட்டும் சொல். அவர்களுக்குப் புரியும்." நன்றாகப் புரிந்திருக்கிறது. "பை குறைந்தால்" விடமாட்டார்கள் என்று எழுதியிருக்கிறாய். கூடினால் என்று ஒரு வரி இல்லை. எழுத்தில் இருக்கிறது, எழுத்தில் இல்லை, இரண்டுமே உன் கையெழுத்துக்கு மேலே.

நான் அம்சம் அக்காவிடம் கத்திவிட்டேன். இந்த ஒரு கையால் எல்லாமே போச்சு என்று சொன்னேன், இன்னும் என்னென்னவோ சொன்னேன். அவர் பையின் வாயைச் சுருட்டி வைத்துவிட்டு வீட்டுக்குப் போய்விட்டார். மற்றவர்களும் பின்னாலேயே போய்விட்டார்கள். இங்கே எனக்கு ஆள் இல்லை, அங்கே உனக்கு அரிசி இல்லை.

விளக்கக் கடிதம் எத்தனை தடவை எழுதிக் கிழித்தேன் என்று கேட்காதே. "பணியாளர்களின் நல்லெண்ணத்தால் ஏற்பட்ட கூடுதல்" என்று எழுதினால் லஞ்சம் கொடுத்த மாதிரி இருக்கிறது. நடந்ததை நடந்தபடி இணைத்திருக்கிறேன். அதை உன் பரிசோதகருக்கு எந்த மொழியில் சொல்வாயோ எனக்குத் தெரியாது.

செம்மொழி


ஷார்ஜா
3 மார்ச் 2025

அன்புள்ள செம்மொழி,

சரக்கு வெளியே வந்துவிட்டது. பிறை தெரிந்த நாளுக்கு முதல் நாள் கடைகளுக்குப் போய்ச் சேர்ந்தது. மூச்சு விட்டுக்கொள். மீதியை நிதானமாகப் படி.

உன் விளக்கத்தை நான் மொழிபெயர்த்தேன். பரிசோதகர் படித்துவிட்டு, இது கவிதையா என்று கேட்டார். கிடங்கு மேஸ்திரி மீரா உசேன் அண்ணன், முத்துப்பேட்டைக்காரர், குறுக்கே வந்து காகிதத்தை வாங்கி மடித்துப் பாக்கெட்டில் வைத்துக்கொண்டு, அரபியில் கையாலும் வாயாலும் நடித்துக் காட்டினார். தராசு, பை, ஒரு கை. பரிசோதகர் அந்தப் பெண்ணின் கை எவ்வளவு பெரிது என்றார். மீரா உசேன் அண்ணன் தன் கையால் ஒரு பிடி அள்ளித் தராசில் போட்டார். கிட்டத்தட்ட ஒத்துப்போனது. கட்டியது ஒருத்தியா, பலரா? பலர். அதன் பிறகுதான் அவர் முகம் தெளிந்தது.

தெளிந்து என்ன? காகிதம் பத்து என்கிறது, பையும் பத்து சொல்ல வேண்டும் என்றுவிட்டார். முற்றத்தில் தார்ப்பாய் விரித்து, ஒவ்வொரு பையாகப் பிரித்து, கூடுதலை எடுத்து, எடை போட்டு, மறுபடி தைத்தோம். கூலிக்கு ஆள் வைத்து, உங்கள் பெண்கள் போட்ட கைகளை ஒவ்வொன்றாக வெளியே எடுத்திருக்கிறோம். இதைவிட எரிச்சலான வேலையை நான் செய்ததில்லை. ஃபாஜில் இஸ்திரி போட்ட சட்டையோடு தையல் மிஷினைப் பிடித்துக்கொண்டு நின்றான். அதைப் பார்த்தது மட்டும்தான் எனக்கு ஆறுதல்.

கடைசியில் தார்ப்பாயில் ஒரு குவியல் நின்றது. அதற்கு எந்தக் காகிதமும் இல்லை. சந்தைக்குப் போகக் கூடாது, அழித்துவிடுங்கள் என்றார் பரிசோதகர். மீரா உசேன் அண்ணன், விற்றால்தானே சந்தை, கஞ்சியை யாரும் விற்பதில்லையே என்று கேட்டார். பரிசோதகருக்கு அந்த நேரம் பார்த்து ஒரு போன் வந்தது. பேசிக்கொண்டே வெளியே போனவர் திரும்பி வரவில்லை.

முதல் நோன்பன்று கிடங்குக்குப் பின்னால் தொழிலாளர் குடியிருப்பில் கஞ்சி காய்ச்சினார்கள். கஞ்சியை முன்பின் பார்த்திராத ஊர்க்காரர்களெல்லாம் குவளையோடு வரிசையில் நின்றார்கள். முதலாளியும் வந்தார். குடித்துவிட்டு, பழைய அரிசிதான், நன்றாகக் குழைந்திருக்கிறது என்றார். பிறகு ஃபாஜிலைப் பார்த்து, "இத்தனை வருசத்துல குறைச்சுப் போட்டு மாட்டுனவனத்தான் பாத்திருக்கேன். கூடப் போட்டு மாட்டுனவங்கள இப்பத்தான் பாக்குறேன். இவங்கள விட்டுட்டு எங்கடா போறது?" என்றார். ஃபாஜில் பேரீச்சம்பழக் கொட்டையைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

வருட ஒப்பந்தத்தை இணைத்திருக்கிறேன். கிடங்கில் மிச்சமிருக்கும் பழைய அரிசி ஹஜ்ஜுப் பெருநாள் பிரியாணிக்கு வேண்டும். எடை விஷயத்தில் மட்டும் கண்டிப்பான ஒரு ஷரத்து இருக்கிறது. குறைந்தாலும் கூடினாலும் ஒப்பந்தம் ரத்து. இந்தத் தடவை இரண்டையும் எழுதியிருக்கிறேன்.

இன்னொரு கடிதமும் உன் நிறுவனத்துக்கு அனுப்பியிருக்கிறேன், அதே மூன்று பேருக்கும் நகலோடு. பைகளில் அரிசி தவிர வேறெதுவும் இல்லை, கேட்டது தவறு என்று அதில் இருக்கிறது. அதைக் கிடங்கில் வாசித்துக் காட்டு.

கஞ்சி விஷயத்தை மட்டும் அம்சம் அக்காவிடம் சொல்லிவிடாதே. சொன்னால் அடுத்த தடவை இரண்டு கை போடுவார்.

தஹ்மீனா


திருக்காட்டுப்பள்ளி
20 மார்ச் 2025

தஹ்மீனாவுக்கு,

சொல்லிவிட்டேன். வேறு வழியில்லை.

அம்சம் அக்கா கிடங்குக்கு வருவதையே நிறுத்திவிட்டார். அவர் வராததால் மற்றவர்களும் வரவில்லை. இதற்குள் அமிர்தலிங்கம் வீடு வீடாகப் போய் நலம் விசாரித்திருக்கிறார். ஆள் இல்லாமல் ஒப்பந்தத்தை வைத்துக்கொண்டு நான் என்ன செய்வது? உன் இரண்டு கடிதங்களையும் எடுத்துக்கொண்டு அக்கா வீட்டுக்குப் போனேன். அரிசி தவிர வேறெதுவும் இல்லை என்ற கடிதத்தை வாசித்தேன். இதைச் சொல்ல ஒரு கடிதமா என்றார். நான் பேசியதற்கு மன்னிப்புக் கேட்டேன். அதற்கு அவர் கீரை ஆய்ந்துகொண்டிருந்தார். கடைசியில் கஞ்சியைச் சொன்னேன்.

கீரையைக் கீழே வைத்துவிட்டுக் கேட்டார்: "வழிஞ்சுச்சாமா?"

எனக்குப் புரியவில்லை.

"ஊத்துனப்ப வழிஞ்சுச்சான்னு அந்தப் பொண்ணக் கேளு."

கேட்கிறேன். பதில் எழுது. மறுநாளே வேலைக்கு வந்துவிட்டார், ஆனால் கேட்டாயா கேட்டாயா என்று தினமும் என்னைப் பிடுங்குகிறார்.

ஷரத்தைச் சொன்னேன். ஒரு கை போடாமல் கட்டமாட்டேன் என்றுவிட்டார். தராசில் கொஞ்சம் குறைத்து வைத்து, அக்கா கை போட்டதும் பத்து வருகிற மாதிரி செய்யலாமே என்றேன். "அவங்களோடதயே எடுத்து அவங்களுக்கே குடுக்கறதா? அதுக்கு நான் அமிர்தலிங்கத்துக்கிட்டயே இருந்திருப்பேன்." மூன்று நாள் வாதாடி ஒரு வழிக்கு வந்திருக்கிறோம். பைகளெல்லாம் பத்து கிலோ, அதில் கை வைக்கக் கூடாது. எல்லோருடைய கைகளையும் தனி மூட்டைகளில் போட்டுச் சேர்க்க வேண்டியது. அந்த மூட்டைகளைக் காகிதத்தில் தனியாக, "மாதிரி, விற்பனைக்கு அல்ல" என்று காட்டிவிடுவது. ஏற்றுமதி ஏஜென்டைக் கேட்டேன், முடியும் என்கிறார்.

நீ சந்தோஷப்படுவதற்கு முன்னால் மீதியையும் கேள். அந்த மூட்டைகளைத் தராசில் ஏற்றக் கூடாது என்கிறார் அக்கா. ஏற்றினால் அதுவும் சரக்குதானாம். எடைக் கட்டத்தை வெறுமையாக விட்டால் தூத்துக்குடியிலேயே நிறுத்திவிடுவார்கள். நான் அங்கே என்ன எழுதுவது? நீ சொல். எனக்கு யோசித்து யோசித்துத் தலை வலிக்கிறது.

செம்மொழி


ஷார்ஜா
22 மார்ச் 2025

அன்புள்ள செம்மொழி,

வழிந்தது. மீரா உசேன் அண்ணன் என் ஃப்ளாஸ்கை நிறைத்துவிட்டு, போதும் போதும் என்று நான் சொல்லச் சொல்ல மேலே ஓர் அகப்பை ஊற்றினார். என் வெள்ளை சல்வார் போச்சு. செருப்பை இரண்டு தடவை கழுவிவிட்டேன், இன்னும் ஒட்டுகிறது. அவரைத் திட்டினேன். சிரித்தார். இதை நான் உனக்கு எழுதாததற்குக் காரணம், அது முக்கியம் என்று எனக்குத் தோன்றவில்லை. அக்காவிடம் இதையும் சொல்.

எடைக்கு வருகிறேன். அந்த மூட்டைகளைத் தைத்து முடித்து, அம்சம் அக்கா வீட்டுக்குப் போன பிறகு, நீ தனியாக இருந்து எடை போடு. வந்த எடையை எழுது. அவருக்குத் தெரிய வேண்டியதில்லை. பாவம் ஏதாவது இருந்தால் நான் பொறுப்பு. எழுத்தில் தருகிறேன்.

தஹ்மீனா


திருக்காட்டுப்பள்ளி
24 மார்ச் 2025

தஹ்மீனா,

வழிந்ததைச் சொன்னேன். அம்சம் அக்கா உடனே குவியலுக்குத் திரும்பிப் போய், மூட்டை கொள்ளாத அளவுக்கு அள்ளி அள்ளிப் போட்டார். தைப்பதற்குள் எங்களுக்கு உயிர் போய்விட்டது.

சாயங்காலம் எல்லோரும் போகட்டும் என்று காத்திருந்தேன். பிறகு தராசை நகர்த்தி வைத்து, நானே முக்கி முனகி ஒரு மூட்டையை ஏற்றினேன். தராசின் விளக்கு எரியவில்லை. பேட்டரி தீர்ந்திருக்கிறது. சார்ஜரைத் தேடினால் காணோம். காவலுக்கு இருக்கிறவரைக் கேட்டேன். அம்சம் அக்கா போகும்போது அதைப் பிடுங்கி முந்தானையில் முடிந்துகொண்டு போனாராம். செம்மொழி கேட்டால் காலையில் தருகிறேன் என்று சொல் என்றாராம்.

காலையில் லாரி வருகிறது. அக்காவுக்கு முன்னால் வருமா, பின்னால் வருமா, தெரியாது.

உன் எண்ணைத் திறந்துவிட்டேன். கூப்பிடு. இதை எழுத்தில் தீர்க்க முடியாது.

செம்மொழி